துணி எங்கே? முதல் கைப்பிரதியை எடிட்டரிடம் கொடுப்பவர்களுக்கு

என் முதல் சிறுகதைத் தொகுப்பில் ஒரு கதை. அம்மா இறந்து ஆறு மாதம் கழித்து, மகன் அவளுடைய அறையைத் திறக்கிறான். நான் எழுதியிருந்த பத்தி இது:

"முருகேசன் அந்த அறைக்குள் நுழைந்தான். அங்கே அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் மனம் சொல்ல முடியாத துயரத்தில் ஆழ்ந்தது. ஊசியில் நீல நூல் இன்னும் கோத்தபடியே இருந்தது. அம்மா தனக்காக எவ்வளவு பாடுபட்டாள் என்று நினைத்து அவன் கண் கலங்கினான்."

எடிட்டரிடமிருந்து கைப்பிரதி திரும்பி வந்தபோது இந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே வரி எழுதியிருந்தார்: "நீல நூல் நன்றாக இருக்கிறது. துணி எங்கே?"

எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஊசியில் நூல் கோத்தபடி இருக்கிறது என்றால் அம்மா ஏதோ தைத்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போயிருக்கிறாள். அப்படியென்றால் ஊசிக்குக் கீழே துணி இருக்க வேண்டும். இல்லை என்றால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். யார்? என் கதையில் தங்கை ஒருத்தி இருந்தாள், ஒரே ஒரு தொலைபேசி உரையாடலில் வந்துவிட்டுப் போய்விடுவாள். துணியை எடுத்துப் போனவள் அவள்தான் என்று தெரிந்தபோது கதை நான்கு பக்கம் நீண்டது. அண்ணனின் துயரத்தைப் பற்றிய கதையாக இருந்தது, அம்மாவின் கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற கதையாக மாறியது. அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட எடிட்டர் எழுதியதில்லை.

எடிட்டர் என்ன செய்வார் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எழுதியவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை, சரியான இடத்தில் கேட்பார். அப்புறம் நான் எடிட்டிங் பக்கம் வந்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், முதல் நாவலையோ தொகுப்பையோ முடித்து, அதை ஓர் எடிட்டரிடம் கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

தமிழில் இந்த வேலைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே சொல் இன்னும் வரவில்லை. 'ஆசிரியர்' என்றால் நூலை எழுதியவர், பத்திரிகையை நடத்துபவர், பள்ளியில் பாடம் சொல்பவர் மூவருமே. 'பதிப்பாசிரியர்' என்றதும் சுவடிகளை ஒப்பிட்டுப் பழைய நூல்களை அச்சேற்றிய அறிஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 'பதிப்பாளர்' என்பவர் புத்தகத்தில் பணம் போட்டு வெளியிடுபவர். 'செம்மையாக்குநர்', 'பிரதி மேம்படுத்துநர்' என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள். பேச்சில் பெரும்பாலும் 'எடிட்டர்'தான். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் எடிட்டிங் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வருவீர்கள். முதலாவது, கதையின் அமைப்பைப் பார்ப்பது: எங்கே தொடங்குகிறது, யார் சொல்கிறார்கள், எந்தப் பாத்திரம் தேவையில்லை, எது போதவில்லை. இரண்டாவது, வரி வரியாகப் பார்ப்பது: வாக்கியம், ஓசை, சொல் தேர்வு, உரையாடல். மூன்றாவது, பிழையும் ஒருமையும்: சந்தி, எழுத்துப்பிழை, முதல் அத்தியாயத்தில் இருபத்தெட்டு வயதாக இருந்தவர் அதே மாதம் நடக்கும் ஆறாம் அத்தியாயத்தில் முப்பதாகிவிடுவது. நான்காவது, மெய்ப்பு பார்ப்பது. பக்கம் வடிவமைத்த பிறகு அச்சுக்கு முன்னால் கடைசியாகச் செய்வது அது.

"எடிட் செய்து கொடுங்கள்" என்று கொடுத்துவிட்டு, ஒற்றுப்பிழை மட்டும் திருத்தி வந்தது என்று வருத்தப்படும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கமும் உண்டு. பிழை திருத்த மட்டும் கொடுத்த நாவலில் ஓர் அத்தியாயத்தையே காணவில்லை என்று அதிர்ந்துபோனவர்களும் இருக்கிறார்கள். நாலில் எது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் படி: கொடுப்பதற்கு முன் ஒரு மாதம்

எழுதி முடித்த அன்றே அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று வாரம் அதைத் தொடாமல் வையுங்கள். பிறகு எழுதிய திரையில் படிக்காமல் வேறு வடிவத்தில் படியுங்கள். தாளில் அச்செடுத்தாலும் சரி, எழுத்துருவையும் அளவையும் மாற்றி கைபேசியில் படித்தாலும் சரி. கண் பழகிய இடத்தில் பிழை தெரியாது. வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. மூச்சு முட்டும் வாக்கியத்தை வாய் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஒரு தாளில் காட்சிப் பட்டியல் போடுங்கள். ஒரு காட்சிக்கு ஒரு வரி. யார், எங்கே, இந்தக் காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் எழுத வராத காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு காட்சிகளில் ஒரே மாற்றம் நடந்தால், இரண்டில் ஒன்று போதும். முதல் நாவல்களில் இது அடிக்கடி நடக்கும். கணவன் மனைவி சண்டை மூன்று தடவை வரும், மூன்றிலும் ஒரே விஷயம்தான் தெரியவரும்.

நீங்களே கண்டுபிடிக்கக்கூடிய குறையை எடிட்டரிடம் விட்டுவைத்தால், அவருடைய கவனம் அதிலேயே செலவாகிவிடும். உங்கள் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கத்தானே அவரைத் தேடிப் போகிறீர்கள்.

இரண்டாம் படி: ஒரு பக்கக் கடிதம்

கைப்பிரதியோடு ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம் வையுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். இதை ஏன் எழுதினீர்கள், படித்து முடிக்கும்போது வாசகர் மனதில் என்ன இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள், உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் இடங்கள் எவை, எதை மட்டும் மாற்றவே கூடாது. இந்த நான்கும் போதும்.

கடைசிக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். ஒருவர் தன் நாவலில் பேச்சு முழுவதும் தன் வீட்டில் பேசும் வழக்கிலேயே இருக்க வேண்டும், அடிக்குறிப்பு ஒன்றுகூட வரக் கூடாது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி எனக்கு மாதக்கணக்கான வேலையைத் தெளிவாக்கியது. புரியாத சொல்லைக் கண்டபோது அதை மாற்றச் சொல்லாமல், சுற்றியுள்ள வாக்கியத்திலிருந்து பொருள் விளங்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டேன்.

மூன்றாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

பதிப்பகம் உங்கள் நூலை ஏற்றுக்கொண்டு எடிட்டரையும் அவர்களே தந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். தனியாக ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால், உங்களுக்குப் பிடித்த புத்தகங்களின் முன்னுரைகளில் எழுத்தாளர்கள் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு பத்துப் பக்கம் மட்டும் மாதிரியாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு நாவலையும் ஒப்படைப்பதற்கு முன் இது கட்டாயம்.

மாதிரி திரும்பி வந்ததும் எத்தனை திருத்தம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். திருத்திய வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். அது உங்கள் குரலாக இருக்கிறதா, வேறு யாரோ பேசுவதுபோல இருக்கிறதா? ஓரக்குறிப்புகளில் கேள்விகள் இருக்கின்றனவா, கட்டளைகள் மட்டும்தானா? "இதை நீக்கவும்" என்று பத்து இடத்தில் எழுதியவரைவிட, "இது இரண்டு பக்கம் முன்னாலேயே தெரிந்துவிட்டதே?" என்று ஒரு இடத்தில் எழுதியவரிடம் போங்கள்.

வேலை தொடங்கும் முன் எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டியவை: நான்கு வேலைகளில் எது, எத்தனை சுற்று, எப்போது முடியும், கருத்து வேறுபட்டால் கடைசி முடிவு யாருடையது. புனைவில் கடைசி முடிவு எழுதியவருடையதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான்காம் படி: முதல் கடிதத்தைப் படிப்பது

அமைப்பு எடிட்டிங் செய்பவர் முதலில் ஒரு கடிதம் எழுதுவார். மூன்று பக்கம் இருக்கலாம், பத்துப் பக்கமும் இருக்கலாம். இதுதான் இந்தப் பயணத்தில் மிகக் கடினமான நாள். இரண்டு வருடம் உழைத்த ஒன்றின் நடுப்பகுதி நகரவில்லை என்று ஒருவர் எழுதியிருப்பார். வலிக்கும். அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். ஒரு தடவை படித்து மூடி வைத்து, நான்கைந்து நாள் கழித்துப் பென்சிலோடு உட்காருங்கள்.

இரண்டாவது வாசிப்பில் ஒன்று செய்யுங்கள். எடிட்டர் சொல்லும் குறையையும், அவர் சொல்லும் தீர்வையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். "அப்பா பாத்திரம் மங்கலாக இருக்கிறது" என்பது குறை. "அப்பாவின் பார்வையில் ஓர் அத்தியாயம் சேர்க்கலாம்" என்பது தீர்வு. என் அனுபவத்தில் நல்ல எடிட்டர் சுட்டும் குறை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் சொல்லும் தீர்வு பாதிக்குப் பாதி பொருந்தாது. பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனென்றால் அந்த உலகம் உங்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் கைப்பிரதியை அனுப்பியதும், ஸ்க்ரிப்னர் பதிப்பகத்தின் எடிட்டர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் 1924 நவம்பரில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பாராட்டு நிறைய இருந்தது. கூடவே ஒரு குறை: மற்ற பாத்திரங்கள் எதிரே வந்தால் அடையாளம் தெரியும் அளவுக்குத் துலக்கமாக இருக்கிறார்கள், கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறான், அவனுக்குப் பணம் எப்படி வந்தது என்பதற்குச் சின்னக் குறிப்புகளாவது வேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய பதிலைப் புதியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்று தனக்கே தெரியாமல் இருந்தது, அதை நீங்கள் உணர்ந்துவிட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டார். மெய்ப்புத் தாள்களிலேயே நிறைய மாற்றி எழுதினார். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது.

பக்கத்தில் மங்கலாக இருக்கும் இடம் பெரும்பாலும் எழுதியவர் மனதிலேயே மங்கலாக இருந்த இடம். என் தையல் மெஷினுக்குக் கீழே துணி இல்லாமல் போனதும் அதனால்தான். நான் அந்த அறையை முழுதாகப் பார்க்கவே இல்லை.

சில கடிதங்கள் இதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும். வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' கைப்பிரதி பல பதிப்பகங்கள் மறுத்த பிறகு 1953-இல் ஃபேபர் பதிப்பகத்துக்கு வந்தது. அணுப்போரையும் சிறுவர்கள் விமானத்தில் வெளியேற்றப்படுவதையும் சொல்லும் பகுதியோடு அது தொடங்கியது. அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த சார்ல்ஸ் மான்டீத் அந்தத் தொடக்கத்தைத் தாண்டிப் படித்தார், உள்ளே ஒரு நல்ல நாவல் இருப்பதைக் கண்டுபிடித்தார், தொடக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். 1954-இல் வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே சிறுவர்கள் தீவில் இருக்கிறார்கள். தலைப்பும் மாறியது.

ஹார்ப்பர் லீயின் கதை இன்னும் பெரியது. 1957-இல் லிப்பின்காட் பதிப்பகத்திடம் அவர் கொடுத்த நாவலில், வளர்ந்த பெண் ஒருத்தி அப்பாவைப் பார்க்கச் சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். நடுநடுவே அவளுடைய சிறுவயது நினைவுகள். எடிட்டர் டே ஹோஹாஃப் அந்த நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டார். லீ இரண்டு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதினார். குழந்தையின் கண்வழியே சொல்லப்பட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960-இல் வந்தது. முதலில் கொடுத்த பிரதியும் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற பெயரில் 2015-இல் வெளியானது. ஓர் எடிட்டரின் கேள்வி ஒரு நாவலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று தெரிய வேண்டுமானால், இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எழுத வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: பெரியது முதலில்

கடிதத்தில் இருபது குறிப்புகள் இருந்தால் இருபதையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். அமைப்பை மாற்றும் குறிப்புகளை முதலில் எடுங்கள். அத்தியாய வரிசை, கதைசொல்லி, பாத்திரத்தைச் சேர்ப்பது, நீக்குவது. வாக்கியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் இழைத்து இழைத்துச் செதுக்கிய பத்தி, அடுத்த வாரம் அத்தியாயத்தோடு போய்விடும் என்றால் மனசு கேட்காது. அந்தப் பத்தியைக் காப்பாற்றவே அத்தியாயத்தை விட்டுவைக்கத் தோன்றும்.

பழைய பிரதியை அழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். வெட்டியவற்றுக்குத் தனிக் கோப்பு ஒன்று திறந்து அதில் ஒட்டி வையுங்கள். எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தால் கை தைரியமாக வெட்டும்.

ஆறாம் படி: வரி வரியாக

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான், அதனால் கொஞ்சம் அதிக நேரம் இங்கே நிற்கிறேன். மொழி நம்முடையது என்பதால் பிற மொழிக்காரர்கள் எழுதிய எடிட்டிங் வழிகாட்டிகள் இந்த இடத்தில் பெரிதாக உதவாது.

என் பத்திக்கே திரும்பி வருவோம். இறுதியில் அது இப்படி ஆனது:

"முருகேசன் அறைக்குள் நுழைந்தான். தையல் மெஷின் மேல் தூசி. ஊசியில் நீல நூல் கோத்தபடியே இருந்தது. கீழே துணி இல்லை."

'சொல்ல முடியாத துயரம்' போய்விட்டது. சொல்ல முடியாததைச் சொல்வதற்குத்தானே கதை எழுதுகிறோம்? 'கண் கலங்கினான்' போய்விட்டது, அதை வாசகருக்கு விட்டுவிட்டேன். 'அந்த', 'அங்கே', 'அதை' என்ற சுட்டுகள் எல்லாம் போயின. 'அவன்' போயிற்று.

இந்த 'அவன்', 'அவள்' விஷயத்தைக் கவனியுங்கள். தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுகிறது. "அவன் கதவைத் திறந்தான். அவன் உள்ளே வந்தான். அவன் விளக்கைப் போட்டான்" என்பதை "கதவைத் திறந்து உள்ளே வந்து விளக்கைப் போட்டான்" என்று எழுதிவிடலாம். எடிட்டர் அப்படித்தான் திருத்தித் தருவார். ஆனால் அவன் பயந்துபோய் ஒவ்வோர் அடியாக வைக்கிறான் என்றால்? "கதவைத் திறந்தான். உள்ளே வந்தான். விளக்கைப் போடவில்லை." இங்கே துண்டு துண்டாக இருப்பதுதான் சரி. எது வேண்டும் என்று அந்தக் காட்சியில் இருந்த உங்களுக்குத்தான் தெரியும். காரணத்தை ஓரத்தில் எழுதி அனுப்புங்கள், நல்ல எடிட்டர் உடனே ஒத்துக்கொள்வார்.

பின்னோக்கிச் செல்லும் பகுதிகளில் 'போயிருந்தான், பார்த்திருந்தான், சொல்லியிருந்தாள்' என்று 'இருந்தான்' வரிசை நீண்டுகொண்டே போகும். முதல் இரண்டு வினைகளில் வாசகர் பழைய காலத்துக்குள் போய்விடுவார். மூன்றாவதிலிருந்து சாதாரண இறந்தகாலம் போதும். 'செய்யப்பட்டது', 'கூறப்பட்டது' என்ற வடிவங்கள் அரசாணை வாசிப்பதுபோல ஆகிவிடும், யார் செய்தது என்று எழுதுங்கள். 'போல' ஒரு பத்தியில் மூன்று தடவை வந்தால் இரண்டை எடுத்துப் பாருங்கள், மிச்சம் இருக்கும் ஒன்று பளிச்சென்று தெரியும்.

உரையாடலில் பெரிய ஆபத்து, பாத்திரங்கள் தங்களுக்குள் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக்கொள்வது. "அக்கா, நம்ம அப்பா ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சுல்ல" என்று ஒரு தம்பி சொன்னால், அக்காவுக்கு அது தெரியாதா? வாசகருக்காகப் பேசுகிறான். எடிட்டர் இங்கே "இவளிடம் ஏன் சொல்கிறான்?" என்று எழுதுவார். பதில் இல்லையென்றால் அந்தத் தகவலைக் கதைசொல்லியே சொல்லட்டும். அல்லது அப்பா காலையில் வழக்கமான நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

"என்றான் கோபமாக" என்று வரும் இடங்களையும் பாருங்கள். பேச்சிலேயே கோபம் தெரிந்தால் 'என்றான்' போதும். தெரியவில்லை என்றால் பேச்சைத் திருத்துங்கள்.

ஏழாம் படி: மறுப்பது

ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று பதில்கள் உண்டு. ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம், இருவரும் நினைக்காத மூன்றாவது வழியைக் கண்டுபிடிக்கலாம். மறுக்கும்போது காரணம் எழுதுங்கள். "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்பதும் காரணம்தான், ஆனால் பத்து இடத்தில் அதையே எழுதினால் எடிட்டருக்கு உங்களோடு பேச வழியில்லாமல் போகும்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புதியவர்களுக்கு எடிட்டர் மேல் பயம் கலந்த மரியாதை இருக்கும். சரி சரி என்று எல்லாப் பக்கத்திலும் ஒத்துக்கொண்டு, புத்தகம் வந்த பிறகு தன் கதை தனக்கே அந்நியமாகத் தெரிகிறது என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பிரதியை எடிட் செய்தவன் நான். அவருடைய நீளமான, சுற்றிச் சுற்றி வரும் வாக்கியங்களை எல்லாம் நான் வெட்டிச் சிறிதாக்கியிருந்தேன். அவருடைய பாட்டி கதை சொல்லும் விதம் அது என்று பிறகுதான் சொன்னார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான். அதற்குப் பிறகு எந்தக் கைப்பிரதியிலும் முதல் முப்பது பக்கத்துக்குப் பென்சிலைத் தொடுவதில்லை, குரல் பிடிபடும் வரை வெறுமனே படிக்கிறேன்.

இலக்கிய வரலாற்றில் இதற்குப் பெரிய உதாரணம் ரேமண்ட் கார்வர். 1981-இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பில் எடிட்டர் கார்டன் லிஷ் மொத்தப் பிரதியில் பாதிக்கும் மேல் வெட்டினார், தலைப்புகளையும் முடிவுகளையும் மாற்றினார். அச்சுக்கு முன், 1980-இல், இதை நிறுத்துங்கள் என்று மன்றாடிக் கார்வர் ஒரு கடிதம் எழுதினார். புத்தகம் வெட்டிய வடிவத்திலேயே வந்தது, பெரும் புகழும் பெற்றது. அதிலிருந்த ஒரு கதையைக் கார்வர் 1983-இல் தன் அடுத்த தொகுப்பில் நீண்ட வடிவத்தில் மறுபடி வெளியிட்டார். வெட்டப்படாத முழுத் தொகுப்பு அவர் இறந்த பிறகு 2009-இல் வந்தது. லிஷின் வடிவமே கூர்மையானது என்று வாதிடுபவர்கள் உண்டு. இரண்டையும் படித்திருக்கிறேன். வெட்டிய கதைகளின் கூர்மை எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் நான் கார்வர் பக்கம்தான். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகும் அவர் பெயரில் வேறொன்றை வெளியிடுவது எடிட்டிங் ஆகாது. கடைசி முடிவு யாருடையது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

எட்டாம் படி: ஒருமைத் தாள்

இது சின்ன வேலை, ஆனால் நிறையச் சண்டையைத் தவிர்க்கும். ஒரு தாளில் உங்கள் நாவலின் எழுத்து முடிவுகளைப் பட்டியல் போட்டு எடிட்டரிடம் கொடுங்கள். பாத்திரங்களின் பெயர், வயது, உறவுமுறை. எண்களை எழுத்தில் எழுதுகிறீர்களா, இலக்கத்திலா? பேச்சு வழக்கில் 'சொல்லிட்டேன்' என்றா, 'சொல்லீட்டேன்' என்றா? 'ரொம்ப' கதைசொல்லியின் வாயில் வருமா, பாத்திரங்களின் பேச்சில் மட்டுமா? கிரந்த எழுத்து உண்டா? வீட்டில் எல்லோரும் 'வாங்க போங்க' என்று பேசும் குடும்பமா, 'வா போ'வா? ஒரு மருமகள் மாமியாரை மூன்றாம் அத்தியாயத்தில் 'அத்தை' என்றும் ஒன்பதாம் அத்தியாயத்தில் 'அம்மா' என்றும் கூப்பிட்டால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று வாசகர் நினைப்பார். நடந்திருந்தால் நல்லது, நடக்காமல் மாறியிருந்தால் பிழை.

சந்தியில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். 'வேலை கொடுத்தான்' என்றால் செய்வதற்கு வேலை, 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் வேல். ஒரே ஓர் ஒற்றில் பொருள் மாறும் மொழி இது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு வழக்கில் ஒற்று எங்கே போட வேண்டும் என்பதற்கு மட்டும் இருவரும் சேர்ந்து ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

தமிழில் இந்தக் கவனத்தைப் பதிப்பு வேலையின் நடுவே கொண்டுவந்தவர்களில் 'க்ரியா' ராமகிருஷ்ணன் முக்கியமானவர். 1974-இல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைக் கையில் எடுத்தால், நிறுத்தற்குறியிலிருந்து பத்தி இடைவெளிவரை யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஒன்பதாம் படி: மெய்ப்பு

பக்கம் வடிவமைத்து வந்ததும் உங்களுக்கு ஒரு மெய்ப்பு வரும். இப்போது நாவலை மாற்றி எழுதும் ஆசை கட்டாயம் வரும். ஃபிட்ஸ்ஜெரால்ட் மெய்ப்பில்தானே திருத்தினார் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவருடைய பதிப்பகம் அதற்கு இடம் கொடுத்தது, உங்களுடையது கொடுக்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பத்தி கூடினால் அதற்குப் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் நகரும். நகரும்போது புதுப் பிழைகள் நுழையும், அவற்றைப் பார்க்க யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள்.

மெய்ப்பில் பார்க்க வேண்டியவை இவை: அத்தியாயத் தலைப்புகளும் எண்களும், வரி முடிவில் தப்பான இடத்தில் உடைந்த சொற்கள், எழுத்துருவை மாற்றும்போது காணாமல் போன எழுத்துகள், மேற்கோள் குறி திறந்து மூடாத பேச்சுகள், ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும் இடங்கள். அப்புறம் அட்டை, உள்பக்கம், நன்றியுரை. எல்லோரும் நாவலையே படித்துக்கொண்டிருப்பதால் அட்டையில் உள்ள பிழை யார் கண்ணிலும் படாது. நன்றியுரையில் எடிட்டரின் பெயர் இருக்கிறதா, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதை அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

பிறகு கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, மெய்ப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.